லீவு கேக்காதீங்க, தகவல் சொல்லுங்க: ரிசர்வ், நேஷனல் கார்ட்ல இருக்கறவங்க வேலையை காப்பாத்திக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவுல வேற வேலை பாத்துக்கிட்டே பகுதி நேரமா ராணுவ சேவை செய்யற ஆர்மி ரிசர்வ்லயும் நேஷனல் கார்ட்லயும் நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னா இன்னமும் பல பேரு ஆச்சரியமா பாக்கறாங்க. 2009-ல மாவ்னின்னு ஒரு திட்டம் வந்துச்சு, கிரீன் கார்டு கூட இல்லாம விசாவுல இருந்தவங்களை மொழி தெரியும்ங்கறதுக்காக படையில சேத்துக்கிட்டாங்க, அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு. 2016-ல அதை நிறுத்திட்டாங்க. அந்த வழியில வந்தவங்க, கிரீன் கார்டோட சேந்தவங்க, இங்கயே பொறந்து வளந்து சேந்த பிள்ளைங்க, எல்லார்கிட்டயும் நான் கேக்கற கவலை ஒண்ணேதான். மாசத்துல ஒரு வீக்கெண்ட் டிரில், வருஷத்துக்கு ரெண்டு வாரம் ட்ரெய்னிங், அதுவரைக்கும் ஆபீஸ்ல சமாளிச்சிடலாம், திடீர்னு ஒருநாள் பத்து மாசத்துக்கு ஆர்டர்ஸ், அதாவது சேவைக்கு வரச் சொல்ற உத்தரவு, வந்தா என்ன பண்றது, திரும்பி வரும்போது வேலை இருக்குமா.

எனக்கு முதல் தடவை அப்படி ஆர்டர்ஸ் வந்தப்ப நான் நேரா மேனேஜர் ரூமுக்குப் போய் "எனக்கு லீவு கிடைக்குமா"ன்னு கேட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு. அவரு கெட்டவரு இல்ல, ஆனா கேள்வியா கேட்டா யாரும் பதிலா ஒண்ணு சொல்லத்தானே செய்வாங்க, "இந்த குவார்ட்டர் முடியட்டும், கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு உங்க யூனிட்ல கேட்டுப் பாருங்க"ன்னாரு. ரெண்டு வாரம் தூக்கம் இல்லாம அலைஞ்சேன். கடைசியில எங்க யூனிட்ல பேப்பர் வேலை பாக்கற சார்ஜென்ட் கூப்பிட்டு உக்கார வெச்சு ஒரே ஒரு விஷயம் சொன்னாங்க: நீ அவங்ககிட்ட பர்மிஷன் கேக்க வேண்டியதே இல்ல, தகவல் சொன்னா போதும், மிச்சத்தை சட்டம் பாத்துக்கும், ஆனா தகவல் சொன்னதுக்கு கையில எழுத்து இருக்கணும்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தை வெச்சுத்தான்.

முதல்ல சட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

பேரு யூசெரா (USERRA). 1994 அக்டோபர்ல கையெழுத்தான ஃபெடரல் சட்டம். வேலைக்குப் போயிட்டு ராணுவ சேவைக்கும் போறவங்களுக்கு திரும்ப வேலை கிடைக்கணும்ங்கற உரிமை 1940-லயே வந்திடுச்சு, அதை எல்லாம் சேத்து, ஓட்டைகளை அடைச்சு எழுதினதுதான் இது.

கம்பெனி எவ்வளவு சின்னதுங்கறது இதுல கணக்கே இல்ல. 15 பேருக்கு மேல இருந்தாத்தான், 50 பேருக்கு மேல இருந்தாத்தான்னு மத்த வேலை சட்டங்கள்ல வர்ற வரம்பு எதுவும் யூசெராவுல கிடையாது, ஒரே ஒரு ஆள் வேலை பாக்கற கடையா இருந்தாலும் பொருந்தும். பிரைவேட், ஸ்டேட் கவர்மென்ட், ஃபெடரல் கவர்மென்ட் எல்லாமே உள்ள வரும். பார்ட் டைம், ப்ரொபேஷன்ல இருக்கறவங்க, போன வாரம் சேந்தவங்க கூட சேத்தி. கொஞ்ச நாள்ல முடிஞ்சிடும், தொடர எதிர்பார்ப்பே இல்லன்னு இருக்கற தற்காலிக வேலைக்கு மட்டும் திரும்ப எடுத்துக்கற கட்டாயம் இல்ல.

ஐடில இருக்கற நம்ம மக்கள் ஒண்ணை கவனமா பாருங்க. கன்சல்டிங் கம்பெனி மூலமா டபிள்யூ-2-ல சம்பளம் வாங்கறீங்கன்னா நீங்க எம்ப்ளாயி, சட்டம் உங்களுக்கு உண்டு, உங்களை அனுப்பின கம்பெனிக்கும் பொறுப்பு இருக்கு, நீங்க வேலை பாக்கற இடத்துல அவங்க உங்களை எவ்வளவு கட்டுப்படுத்தறாங்கங்கறதைப் பொறுத்து கிளையன்ட்டுக்கும் பொறுப்பு வரலாம். 1099-ல சொந்தமா கான்ட்ராக்ட் பண்றவங்களுக்கு கிடையாது. ஆனா பேருக்கு 1099-ன்னு போட்டுட்டு வேலை நேரம், வேலை செய்யற விதம் எல்லாத்தையும் அவங்களே முடிவு பண்றாங்கன்னா அது உண்மையான கான்ட்ராக்ட்தானான்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

நேஷனல் கார்ட்ல இருக்கறவங்களுக்கு ஆர்டர்ஸ் எந்த வகைங்கறது முக்கியம். டைட்டில் 10, டைட்டில் 32-ன்னு ஃபெடரல் சட்டப் பிரிவு போட்டிருந்தா யூசெரா நேரடியா வரும். கவர்னர் கூப்பிடற ஸ்டேட் ஆக்டிவ் டியூட்டி முன்னாடி இதுல வராது, 2021 ஜனவரியில திருத்தினாங்க, இப்ப 14 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா, இல்ல ஜனாதிபதி அறிவிச்ச தேசிய அவசர நிலைக்கோ பெரிய பேரிடருக்கோ போனா, அதுவும் சேத்தி. ரெண்டு மூணு நாள் வெள்ள வேலைக்கு கவர்னர் கூப்பிட்டா உங்க ஸ்டேட் சட்டத்தைத்தான் பாக்கணும், எந்த ஸ்டேட்லயும் ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கும், யூனிட்ல கேட்டுக்கோங்க.

திரும்ப வேலை கேக்க என்ன தகுதி

அஞ்சு விஷயம் சரியா இருக்கணும். நீங்க வேலையை விட்டுப் போனது சேவைக்காகத்தான்னு இருக்கணும், முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கணும், அந்த ஒரு முதலாளிகிட்ட இருந்து மொத்தமா எடுத்த சேவைக் காலம் 5 வருஷத்தை தாண்டக்கூடாது, மோசமான டிஸ்சார்ஜ்ல வெளிய வந்திருக்கக் கூடாது, முடிஞ்ச அப்புறம் குறிச்ச நாளுக்குள்ள திரும்பி வரணும்.

அந்த 5 வருஷத்தைப் பாத்து பயந்துடாதீங்க. மாசாந்திர டிரில், வருஷாந்திர ட்ரெய்னிங் எல்லாம் அதுல எண்ணிக்கையே இல்ல. கட்டாயமா கூப்பிட்ட மொபிலைசேஷன், போர், தேசிய அவசர நிலைக்கான ஆர்டர்ஸும் பெரும்பாலும் கணக்குல வராது. நீங்களா விரும்பி எடுக்கற நீண்ட டூர்தான் முக்கியமா சேரும். அதனால ஒவ்வொரு ஆர்டர்ஸ்லயும் எந்த சட்டப் பிரிவுல கூப்பிட்டிருக்காங்கன்னு எழுதியிருக்கும், அந்த ஒரு வரியை படிச்சுட்டு காப்பியை எடுத்து வைங்க. அஞ்சாறு வருஷம் கழிச்சு எச்ஆர் "உங்க அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சு"ன்னு சொன்னா அந்த வரிதான் உங்களுக்காக பேசும். கம்பெனி மாறினா 5 வருஷக் கணக்கு புதுசா ஆரம்பிக்கும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: தகவல் சொல்றது

சட்டப்படி வாயால சொன்னாலே போதும். ஆனா வாயால மட்டும் சொல்லிட்டு நிறுத்தாதீங்க. ஆர்டர்ஸ் வந்த அன்னிக்கே, முடிஞ்சா அதே சாயங்காலமே ஈமெயில் போட்டுடுங்க. மேனேஜருக்கு போடுங்க, எச்ஆரை காப்பியில வைங்க, உங்க சொந்த ஈமெயிலுக்கும் ஒண்ணு போகட்டும், ஏன்னா நீங்க கிளம்பின அப்புறம் ஆபீஸ் லாகின் நிறுத்திடுவாங்க, அப்ப அந்த ஈமெயில் உள்ளயே மாட்டிக்கும், உங்களால எடுக்க முடியாது. எனக்கு அப்படித்தான் ஆச்சு.

ஈமெயில்ல இவ்வளவு இருந்தா போதும், இங்கிலீஷ்ல எழுதிக்கோங்க:

"நான் ஆர்மி ரிசர்வ் உறுப்பினர். யூசெரா சட்டத்தின் கீழ் இது என் முன்னறிவிப்பு. இந்த தேதியிலிருந்து ராணுவ சேவைக்காக நான் வேலைக்கு வர முடியாது. சேவை ஏறக்குறைய இந்த தேதி வரை இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன், மாறினால் தெரிவிக்கிறேன். இது கிடைத்ததாக பதில் அனுப்பவும்."

அவ்வளவுதான். "தயவு செய்து அனுமதிக்கவும்"ங்கற வார்த்தையே வேண்டாம். அதைப் போட்டாலும் உங்க உரிமை போயிடாது, ஆனா எதிர்ல இருக்கறவரு தன் கையில ஏதோ முடிவு இருக்குன்னு நினைக்க ஆரம்பிச்சிடுவாரு, அப்புறம் அதை திருத்தறது கஷ்டம். மரியாதையா பேசுங்க, எவ்வளவு முன்னாடி சொல்ல முடியுமோ சொல்லுங்க, முடிஞ்சா 30 நாள் முன்னாடி சொல்லணும்னு டிபார்ட்மென்ட் ஆஃப் டிஃபென்ஸே பரிந்துரைக்குது. வேலையை யாருக்கு கொடுத்துட்டு போறதுன்னு நீங்களே ஒரு நோட் எழுதி கொடுத்தா இன்னும் நல்லது. இதெல்லாம் நல்ல மனுஷத்தனம், கடமைன்னு சட்டத்துல இல்ல.

அவங்க என்ன கேக்கலாம், என்ன கேக்கக் கூடாதுன்னு பாத்தா, தேதி ரொம்ப சிரமமா இருந்தா கம்பெனி உங்க யூனிட் கமாண்டரை தொடர்பு கொண்டு பேசலாம், அது அவங்க உரிமை. உங்களையே தேதியை மாத்திட்டு வான்னு கட்டாயப்படுத்த முடியாது. உங்க இடத்துக்கு ஆள் தேடிக் கொடுக்கறது உங்க பொறுப்பு கிடையாது. பிடிஓவை, அதாவது நீங்க சேத்து வெச்ச சம்பளத்தோட லீவை, கழிச்சுக்கோன்னு சொல்ல முடியாது, நீங்களா விரும்பி சம்பளம் வேணும்னு பிடிஓ எடுத்தா எடுத்துக்கலாம். ராஜினாமா லெட்டர்ல கையெழுத்து போடு, வந்த அப்புறம் திரும்ப எடுத்துக்கறோம்னு சொன்னா, என்ன சிரிச்சுக்கிட்டே சொன்னாலும், போடாதீங்க. பயத்துல ஏற்கனவே போட்டுட்டீங்கன்னாலும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, திரும்பி வரப் போறது இல்லன்னு போகும்போது சொல்லியிருந்தா கூட திரும்ப வேலை கேக்கற உரிமை அதனால போகாதுன்னு விதியில இருக்கு.

இங்க ஒரு தம்பியோட விஷயத்தை சொல்லணும். ஆஸ்பத்திரி லேப்ல நைட் ஷிஃப்ட் பாக்கற பையன். சனிக்கிழமை காலையில 7 மணிக்கு டிரில் ஃபார்மேஷன், ரெண்டு மணி நேர டிரைவ். சூப்பர்வைசர் என்ன சொல்லியிருக்காரு, டிரில் சனிக்கிழமைதானே, வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட்டை முடிச்சுட்டு போ, இல்லன்னா நீயே ஒரு ஆளை பிடிச்சு மாத்திக்கோன்னு. இவனும் பல மாசம் அப்படியே ஷிஃப்ட் முடிச்சு விடியக்காலையில லேப் கோட்டை கழட்டி பின் சீட்ல போட்டுட்டு, கார்லயே யூனிஃபார்ம் மாத்திக்கிட்டு ஓட்டியிருக்கான். ஒருநாள் ஹைவேல கண்ணு சொக்கி, ரோட்டோரம் போட்டிருக்கற கோட்டுல டயர் ஏறி தடதடன்னு சத்தம் வந்துதான் முழிச்சிருக்கான். அன்னிக்கு போன் பண்ணி "அண்ணா, இதுக்கு ஏதாவது ரூல் இருக்கா"ன்னு கேட்டான். இருக்கு. ராத்திரி முழுக்க ஷிஃப்ட் பாத்துட்டு நேரா போய் முழுநாள் டிரில் பண்றவனை சேவைக்கு தகுதியான நிலையில இருக்கறதா எடுத்துக்க முடியாது, அந்த ஷிஃப்ட்டுக்கு வராம இருக்கறதும் சேவைக்காக இல்லாம போனதாத்தான் கணக்குன்னு லேபர் டிபார்ட்மென்ட் விதியில உதாரணமாவே எழுதி வெச்சிருக்காங்க. அந்த விதியை போட்டு ஒரு ஈமெயில், கூடவே வருஷம் முழுக்க இருக்கற டிரில் ஷெட்யூல். அடுத்த மாசத்துல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி அவனுக்கு ஷிஃப்ட் போடலை.

டிரில் ஷெட்யூல் வருஷ ஆரம்பத்துலயே யூனிட்ல கொடுத்துடுவாங்க. வந்த உடனே ஆபீஸுக்கு அனுப்பிடுங்க. மாசாமாசம் சண்டை இல்ல.

ஸ்டெப் 2: கிளம்பறதுக்கு முன்னாடி

ஒரு ஃபோல்டர் போடுங்க. பேப்பர் ஃபோல்டரும் வேணும், போன்ல இருந்து எடுக்கற மாதிரி ஒரு காப்பியும் வேணும். ஆர்டர்ஸ், நீங்க போட்ட ஈமெயில், அவங்க பதில், கடைசி மூணு சம்பள ஸ்லிப், கடைசி பர்ஃபார்மென்ஸ் ரிவ்யூ, உங்க டைட்டில், சம்பளம், டீம் எல்லாம் தெரியற மாதிரி ஏதாவது ஒண்ணு, எம்ப்ளாயி ஹேண்ட்புக்ல லீவு பத்தி இருக்கற பக்கம். ரிவ்யூ எதுக்குன்னு கேப்பீங்க. போகறதுக்கு முன்னாடி நல்லா வேலை பாத்தவரு, திரும்பி வந்த மூணே மாசத்துல திடீர்னு சரியில்லாதவரா ஆயிட்டாருன்னா அது ஏன்னு கேக்க உங்களுக்கு அந்த ரிவ்யூ வேணும்.

இன்ஷூரன்ஸ்தான் குடும்பம் இருக்கறவங்களுக்கு பெரிய விஷயம். சேவை 31 நாளுக்கு கம்மின்னா ஆபீஸ் இன்ஷூரன்ஸ் அப்படியே ஓடணும், நீங்க வழக்கமா கட்டற பங்கை மட்டும் கட்டினா போதும். அதுக்கு மேல போனா 24 மாசம் வரைக்கும் தொடர்ந்து வெச்சுக்கற உரிமை இருக்கு, ஆனா கம்பெனி பங்கையும் சேத்து முழு பிரீமியத்துல 102 சதவீதம் வரைக்கும் கேக்கலாம். 30 நாளுக்கு மேல ஆக்டிவ் டியூட்டின்னா ராணுவத்தோட ஹெல்த் இன்ஷூரன்ஸான ட்ரைகேர் வந்திடும், குடும்பத்துக்கும் சேத்து. நிறைய பேரு ட்ரைகேருக்கு மாறிடறாங்க, செலவு கம்மி. ஆனா மனைவி கர்ப்பமா இருக்காங்க, பிள்ளைக்கு ஒரே ஸ்பெஷலிஸ்ட்கிட்ட ட்ரீட்மென்ட் ஓடுதுன்னா அந்த டாக்டர் ட்ரைகேர் எடுத்துக்கறாரான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. திரும்பி வந்த உடனே ஆபீஸ் இன்ஷூரன்ஸ் மறுபடி ஆரம்பிக்கணும், காத்திருப்பு காலம்னு ஒண்ணு போட முடியாது.

சம்பளம் பத்தி உண்மையை சொல்லிடறேன். போயிருக்கற நாளுக்கு கம்பெனி சம்பளம் கொடுத்தே ஆகணும்னு யூசெரா சொல்லலை. சில கம்பெனிங்க ஆபீஸ் சம்பளத்துக்கும் ராணுவ சம்பளத்துக்கும் இருக்கற வித்தியாசத் தொகையை கொடுக்கறாங்க, ஹேண்ட்புக்ல பாருங்க. ஆனா ஒரு விஷயம் இருக்கு, ஜூரி டியூட்டிக்கோ துக்கத்துக்கோ சம்பளத்தோட லீவு கொடுக்கற கம்பெனி, அதே மாதிரி சின்ன ராணுவ லீவுக்கு மட்டும் கொடுக்காம இருந்தா அது கேள்விக்குரியதுன்னு 2021-ல ஃபெடக்ஸ் வழக்குலயும் யுனைடெட் ஏர்லைன்ஸ் வழக்குலயும் ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுங்க சொல்லியிருக்கு. ஃபெடரல் கவர்மென்ட்ல வேலை பாக்கறவங்களுக்கு வித்தியாசச் சம்பளம் தனிச் சட்டத்துல இருக்கு, தேசிய அவசர நிலை ஓடற காலத்துல கூப்பிட்டாலே அது கிடைக்கணும்னு 2025 ஏப்ரல்ல ஃபெலிசியானோ வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு கொடுத்துச்சு. ஃபெடரல்ல இருக்கறவங்க இதை கண்டிப்பா கேளுங்க.

ஸ்டெப் 3: திரும்பி வர்றது, இங்கதான் தேதி முக்கியம்

போன தடவை எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுக்கு வந்து பிள்ளைங்களோட ஊருக்கெல்லாம் போயிட்டு நிதானமா ஆபீஸுக்கு போன் பண்ணாரு, நாள் தாண்டிப் போச்சு. அதனால இந்த தேதிகளை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க.

30 நாள் வரைக்குமான சேவைன்னா, பத்திரமா வீட்டுக்கு வந்து சேந்து 8 மணி நேரம் ஓய்வு எடுத்த அப்புறம் வர்ற அடுத்த முழு ஷிஃப்ட்டுக்கு போயிடணும். ராத்திரி 10 மணிக்கு வீட்டுக்கு வந்தீங்கன்னா மறுநாள் காலையில 6 மணிக்கு முன்னாடி உங்களை வரச் சொல்ல முடியாது.

31 நாள்ல இருந்து 180 நாள் வரைக்கும்னா சேவை முடிஞ்ச 14 நாளுக்குள்ள வேலைக்கு விண்ணப்பிக்கணும். 181 நாளும் அதுக்கு மேலயும்னா 90 நாள். சேவையில அடிபட்டோ நோயாலயோ ஆஸ்பத்திரியில இருந்தா, தேறி வர்றதுக்கு 2 வருஷம் வரைக்கும் இந்த கெடு நீளும்.

விண்ணப்பம்னா பெரிய ஃபார்ம் எல்லாம் இல்ல, "சேவை முடிஞ்சு வந்துட்டேன், யூசெராபடி திரும்ப வேலைக்கு வர்றேன், இந்த தேதியில இருந்து தயாரா இருக்கேன்"னு ஒரு ஈமெயில். புதுசா வேலைக்கு சேர்றவங்க நிரப்பற ஆன்லைன் அப்ளிகேஷனை நிரப்பச் சொன்னா அதை மட்டும் நம்பி விட்டுடாதீங்க, இந்த ஈமெயிலும் கண்டிப்பா போகணும். சேவை 30 நாளுக்கு மேலன்னா கம்பெனி ஆதாரம் கேக்கலாம், சேவை முடிஞ்சதுக்கு ராணுவம் கொடுக்கற டிடி-214 பேப்பரை கொடுங்க. அது வர லேட்டாகுதுன்னா இருக்கற ஆர்டர்ஸ், கமாண்டர் லெட்டர் கொடுங்க, பேப்பர் இன்னும் வரலைங்கறதுக்காக உங்களை வேலையில எடுக்காம இழுத்தடிக்க முடியாது. சாதாரணமா விண்ணப்பிச்ச 2 வாரத்துக்குள்ள உங்களை உள்ள எடுத்துடணும்.

நாள் தாண்டிட்டா? உரிமை அப்படியே ஒழிஞ்சு போகாது, சொல்லாம லீவு போட்டவங்களை அந்த கம்பெனி எப்படி நடத்துமோ அப்படி நடத்தலாம். மேல சொன்னவரு வேலைக்கு திரும்பிட்டாரு, ஆனா ஒரு வார்னிங் லெட்டரோட.

ஸ்டெப் 4: எந்த வேலைக்கு திரும்பறீங்க

பழைய நாற்காலிக்குன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. இல்ல. நீங்க போகாம இங்கயே இருந்திருந்தா இப்ப எந்த இடத்துல இருந்திருப்பீங்களோ அந்த இடத்துக்கு. இதை எஸ்கலேட்டர் தத்துவம்னு சொல்றாங்க, ஓடற படிக்கட்டுல இருந்து இறங்கின படியில திரும்ப ஏத்தாம, அந்த படி இந்நேரம் எங்க போயிருக்குமோ அங்க ஏத்தணும்னு 1946-ல ஃபிஷ்கோல்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்ன உவமை. நீங்க இல்லாத நேரத்துல எல்லாருக்கும் வருஷாந்திர இன்க்ரிமென்ட் வந்துச்சா, உங்களுக்கும் சேத்துத்தான் சம்பளம். சீனியாரிட்டில ப்ரமோஷன் வந்திருக்குமா, அதுவும். ப்ரமோஷன் பரீட்சையை தவற விட்டுட்டீங்களா, திரும்பி வந்து தயாராக நியாயமான நேரம் கொடுத்து அதை எழுத விடணும். 5 வருஷம் ஆனா மூணு வார வெகேஷன்னு இருந்தா, நீங்க படையில இருந்த மாசங்களும் அந்த 5 வருஷத்துல சேரும்.

அந்த படிக்கட்டு கீழயும் போகும். உங்க டீமையே மொத்தமா கலைச்சுட்டாங்க, நீங்க இங்க இருந்திருந்தாலும் வேலை போயிருக்கும்னா திரும்ப எடுக்கணும்ங்கற கட்டாயம் இல்ல. ஆனா அதை நிரூபிக்கற பொறுப்பு கம்பெனியோடது. உங்க இடத்துக்கு வேற ஆள் வந்துட்டாருங்கறது காரணமே கிடையாது, அந்த ஆளை நகத்தியாவது உங்களுக்கு இடம் கொடுக்கணும்.

சேவை 90 நாளுக்கு மேலன்னா அதே இடமோ, இல்ல சீனியாரிட்டி, அந்தஸ்து, சம்பளம் சமமா இருக்கற இடமோ கொடுக்கலாம். அந்தஸ்துங்கற வார்த்தையை நல்லா பிடிச்சுக்கோங்க. எனக்கு சம்பளத்துல ஒரு காசு குறைக்கலை, ஆனா எட்டு பேரு டீமை பாத்துக்கிட்டு இருந்தவனை தனியா ஒரு மூலையில ரிப்போர்ட் எழுத உக்கார வெச்சாங்க, ஷிஃப்ட் நேரமும் மாறிடுச்சு. சம்பளம் அதேதானேன்னு நானும் மூணு மாசம் பேசாம இருந்தேன், இருந்திருக்கக் கூடாது. பழைய ஆர்க் சார்ட்டை ஃபோல்டர்ல இருந்து எடுத்து வெச்சு பேசின அப்புறம்தான் டீம் திரும்ப வந்துச்சு.

அடிபட்டு திரும்பினவங்களுக்கு, பழைய வேலையை செய்ய வைக்க கம்பெனி நியாயமான முயற்சி எடுக்கணும், முடியலைன்னா அதுக்கு சமமான வேற வேலை, அதுவும் முடியலைன்னா அதுக்கு கிட்டத்தட்ட வர்றது. டெக்சாஸ்ல ஸ்டேட் ட்ரூப்பரா இருந்த லீ ராய் டோரஸ், 2007-ல இராக் போய் அங்க குப்பை எரிக்கற குழிப் புகையில நுரையீரல் கெட்டுப் போய் வந்தாரு. அவரு வழக்குலதான் ஸ்டேட் கவர்மென்ட் "எங்க மேல கேஸ் போட முடியாது"ன்னு தப்பிக்க முடியாதுன்னு 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. ஸ்டேட் வேலையில இருக்கறவங்க இதை மறக்காதீங்க.

401கேங்கற ரிடயர்மென்ட் சேமிப்புலயும் பென்ஷன்லயும் நடுவுல இடைவெளியே இல்லாத மாதிரி கணக்கு போடணும். நீங்க போடாம விட்ட பணத்தை, சேவை காலத்தைப் போல மூணு மடங்கு காலத்துக்குள்ள, அதிகபட்சம் 5 வருஷத்துக்குள்ள போட்டுக்கலாம், 10 மாசம் போனவருக்கு 30 மாசம் கிடைக்கும். நீங்க அப்படி போடும்போது கம்பெனி அதுக்கு ஈடா போடற மேட்ச் பணமும் வரணும். எச்ஆர்ல பல பேருக்கு இது தெரியாது, எழுத்துல கேளுங்க. நான் கேட்டு வாங்கினேன்.

வந்த அப்புறமும் கொஞ்ச காலம் பாதுகாப்பு இருக்கு. 31 முதல் 180 நாள் சேவைன்னா 180 நாளைக்கு, 180 நாளுக்கு மேலன்னா ஒரு வருஷத்துக்கு, தகுந்த காரணம் இல்லாம உங்களை வேலையை விட்டு எடுக்க முடியாது.

ஸ்டெப் 5: தகராறு வந்தா

முதல்ல எச்ஆருக்கு எழுத்துல. பல நேரம் மேனேஜருக்கு சட்டமே தெரியாது, எச்ஆர் பாத்தா பயந்து சரி பண்ணிடுவாங்க. அதுல ஆகலைன்னா இஎஸ்ஜிஆர், 1972-ல ஆரம்பிச்ச டிஃபென்ஸ் டிபார்ட்மென்ட் அமைப்பு, காசு வாங்காம ரெண்டு பக்கமும் பேசி சமாதானம் பண்ணி வைக்க ஆளுங்க இருக்காங்க, நம்பர் 1-800-336-4590. அவங்களால விசாரணை பண்ணவோ கட்டாயப்படுத்தவோ முடியாது, ஆனா அதே கம்பெனியில தொடர்ந்து இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு என் கணிப்புல இதுதான் நல்ல முதல் வாசல்.

அடுத்தது லேபர் டிபார்ட்மென்ட்ல வெட்ஸ்னு ஒரு பிரிவு, 1010 நம்பர் ஃபார்ம், ஆன்லைன்லயே போடலாம், 90 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். அங்கயும் தீரலைன்னா ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பச் சொல்லி கேக்கலாம், ஃபெடரல் வேலைன்னா ஆஃபீஸ் ஆஃப் ஸ்பெஷல் கவுன்சலுக்கு. ஃபெடரல்ல இல்லாதவங்க இதெல்லாம் வேண்டாம்னா நேரா வக்கீலை வெச்சு கோர்ட்டுக்கும் போகலாம், யூசெரா கேஸுக்கு கோர்ட் ஃபீஸ் வாங்க மாட்டாங்க. இத்தனை வருஷத்துக்குள்ள போடணும்ங்கற காலக்கெடு சட்டத்துல இல்ல, ஆனா லேட் பண்ணா சாட்சி எல்லாம் போயிடும், ரொம்ப இழுத்ததையே எதிர்த்தரப்பு காரணமா சொல்லும், சீக்கிரம் போடுங்க. 2025 ஜனவரியில வந்த திருத்தத்துக்கு அப்புறம், தெரிஞ்சே மீறின கம்பெனி இழந்த சம்பளத்துக்கு மேல இன்னொரு அவ்வளவு, இல்ல 50,000 டாலர், எது அதிகமோ அதை கொடுக்க வேண்டி வரலாம். கேஸ் போட்டதுக்காகவோ சாட்சி சொன்னதுக்காகவோ பழி வாங்கறதும் தப்பு.

வேலையை விட்டு எடுக்கும்போது யாரும் "ரிசர்வ்ல இருக்கறதால"ன்னு எழுத மாட்டாங்க, வேற காரணம்தான் எழுதுவாங்க. வின்சென்ட் ஸ்டாப்னு ஒரு ஆஸ்பத்திரி டெக்னீஷியன், ஆர்மி ரிசர்வ்ல இருந்தவரு, அவரு டிரில் போறது சூப்பர்வைசருங்களுக்கு பிடிக்காம புகார் மேல புகார் எழுதி, மேல இருந்த எச்ஆர் அதை நம்பி வேலையை விட்டு எடுத்துட்டாங்க. கடைசி முடிவு எடுத்தவங்க மனசுல வெறுப்பு இல்லன்னாலும், வெறுப்போட எழுதின புகாரை வெச்சு எடுத்த முடிவுக்கு கம்பெனிதான் பொறுப்புன்னு 2011-ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அதனால டிரில் பத்தி யாராவது முகம் சுளிச்சு பேசினா தேதி, நேரம், யாரு சொன்னாங்க, யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு அன்னிக்கு ராத்திரியே நோட்ல எழுதிடுங்க. வேலையை விட்டு அனுப்பும்போது பணம் கொடுத்து ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து கேட்டா, வக்கீல் பாக்காம போடாதீங்க.

வீட்டுல இருக்கறவங்களுக்கு

நான் சேவைக்குப் போயிருந்தப்ப ஒருநாள் எங்க வீட்டுக்கு ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்துச்சு, இன்ஷூரன்ஸ் ரத்து, போன தேதியில இருந்தேன்னு. சின்னவளுக்கு அன்னிக்கு 103 டிகிரி காய்ச்சல். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில போன்னு வெச்சுக்கிட்டு என் மனைவி எச்ஆரை கூப்பிட்டா, "எம்ப்ளாயிகிட்டதான் பேசுவோம்"னுட்டாங்க. நான் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்காம போயிருந்தேன். ட்ரைகேர் இருந்ததால அன்னிக்கு டாக்டர்கிட்ட போக முடிஞ்சுது, ஆனா அந்த லெட்டரை சரி பண்ண அஞ்சு வாரம் ஆச்சு.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி பேஸ்ல இருக்கற லீகல் ஆஃபீஸ்ல பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுங்க, அது இலவசம். ஃபோல்டர் எங்க இருக்குன்னு காட்டுங்க, எச்ஆர்ல யாருகிட்ட பேசணும், யூனிட்ல குடும்பங்களுக்கு உதவறது யாருன்னு பேரோட எழுதி வைங்க. அக்காமாருங்களே, கணவர் இல்ல பிள்ளை டெப்ளாய் ஆகும்போது உங்க வேலைக்கும் பாதுகாப்பு இருக்கு, எஃப்எம்எல்ஏங்கற குடும்ப, மருத்துவ லீவு சட்டத்துல தகுதி இருந்தா அதுக்கான ஏற்பாடுகளுக்கு வருஷத்துல 12 வாரம் வரைக்கும், அடிபட்டு வந்தவரை பாத்துக்க 26 வாரம் வரைக்கும் சம்பளம் இல்லாத லீவு எடுக்கலாம். சேவைக்கு முன்னாடி வாங்கின கடனுக்கு வட்டியை 6 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு எஸ்சிஆர்ஏன்னு வேற ஒரு சட்டம் இருக்கு, கிரெடிட் கார்டு, கார் லோன் கம்பெனிக்கு ஆர்டர்ஸ் காப்பியோட லெட்டர் போட்டாத்தான் குறைப்பாங்க.

லெட்டர் எது வந்தாலும் கவரோட போட்டோ எடுத்து ஃபோல்டர்ல போட்டுடுங்க, கவர்ல இருக்கற தபால் முத்திரை தேதியும் தெரியணும். எங்க விஷயத்துல கடைசியில பேசினது அந்த முத்திரைதான், ரத்து பண்ணோம்னு அவங்க எழுதின தேதிக்கு 19 நாள் கழிச்சுத்தான் லெட்டரையே போஸ்ட் பண்ணியிருந்தாங்க.